மூன்று நிமிடத்துக்குள் ஒரு யுத்தமும் ஒரு வாடகை வீடும்

ரொறொன்ரோ மாநகரசபையின் குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். பெயர் கொடுத்தவர்கள் கூடிவிட்டால் குழு அதைக் குறைத்துக்கொள்ளும். 2024 கோடை தொடக்கத்தில், ஓனர் எங்களை வாடகை வீட்டை விட்டு எழுப்பப் பார்த்ததைப் பற்றிப் பேச நான் போன அன்று மூன்று நிமிடம்தான் கிடைத்தது. அந்த மூன்று நிமிடத்தை நான் 1995 ஒக்டோபர் 30 இல் இருந்து தொடங்கினேன்.

யுத்தத்துக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்த நாள் அது. நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாமல் நின்ற சனம், மழை, அப்பாவின் சைக்கிள் கரியரில் கட்டியிருந்த தையல் மெசின், "என்னை இதிலையே விட்டிட்டுப் போங்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மம்மா. ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் வாசித்தேன். ஆனாலும் பாலம் வந்த இடத்தில் குரல் அடைத்துவிட்டது. தண்ணீர் குடித்தேன். திரும்பத் தொடங்கினேன். நான் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர முதல் நேரம் முடிந்துவிட்டது.

தலைவர் நன்றி சொன்னார். ஒரு கவுன்சிலர் மைக்கைப் போட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்கள் கதை மனதைத் தொடுகிறது. நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. "எங்களை எழுப்பாதேங்கோ" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னேன். எங்களை எழுப்பப் பார்த்தது மாநகரசபை இல்லையே. அவர் தலையசைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது கெனடி ஸ்டேஷன் வரைக்கும் மகள் ஒன்றும் கதைக்கவில்லை. பஸ் ஏறின பிறகுதான் சொன்னாள்: "அம்மா, நீங்கள் நல்லாத்தான் கதைச்சீங்கள். ஆனால் நீங்கள் சொன்னது கதை. கேள்வி அதுக்குள்ள இல்லை."

அந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் இதை எழுதுகிறேன்.

1998 இல் நான் கனடாவுக்கு வந்து இறங்கினபோது முதல் முகவரி வெலஸ்லி–பார்லிமென்ட் சந்திக்குக் கிட்ட. சென் ஜேம்ஸ் ரவுன் கட்டடங்களில் ஒரு படுக்கையறை வீட்டுக்குள் ஏழு பேர். அந்தக் காலத்தில் வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அந்தச் சந்திதான் கனடா. பிறகு கலியாணம், பிள்ளைகள், ஸ்காபரோ. 2003 இல் இருந்து ஒரே கட்டடம், ஒரே வீடு, பத்தாம் மாடி, இரண்டு படுக்கையறை. எலிவேட்டரில் ஏறினால் மூன்று யுத்தங்களைத் தாண்டித்தான் எங்கள் மாடிக்கு வரலாம் என்று மகன் பகிடி விடுவான். நாலாம் மாடியில் ஆப்கான் குடும்பங்கள், ஆறாம் மாடியில் அலெப்போவில் இருந்து வந்த தச்சர், எட்டாம் மாடியில் சோமாலிய அம்மா ஒருத்தி. அவர்களிடம் கேட்டால் பத்தாம் மாடியை நாலாவது யுத்தம் என்று சொல்லக்கூடும்.

2024 மாசி மாதம் கதவுக்குக் கீழால் ஒரு உறை வந்தது. உள்ளே என்-13 என்ற படிவம். கட்டடத்தைப் பெரிதாகத் திருத்தப் போகிறோம், 120 நாளில் வீட்டைக் காலிசெய்யுங்கள் என்று இருந்தது. அந்த நேரம் நான் கட்டிக்கொண்டிருந்த வாடகை 1,340 டொலர். எங்கள் மாடியிலேயே அதே அளவு வீட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளை 2,350 கட்டினாள். திருத்த வேலை எதற்கென்று அந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே விளங்கும். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில், பழைய கட்டடங்களில் ஏற்கெனவே குடியிருக்கிறவருக்கு வாடகையைப் பொதுவாக வருடத்துக்கு இத்தனை வீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. 2025 க்கு அது 2.5 வீதம். ஆனால் ஆள் எழும்பிப் போய்விட்டால் அடுத்த ஆளிடம் எவ்வளவும் கேட்கலாம். அதனால் பழைய ஆட்கள் என்றால் ஓனர்மாருக்கு நட்டம். ஸ்காபரோவில் பழைய ஆட்கள் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உறையைப் பார்த்ததும் நான் செய்த முதல் வேலை அழுதது. இரண்டாவது வேலை பெட்டிகளைத் தேடினது. இது எங்களுக்குள் ஊறிப்போன ஒன்று: எழும்பு என்றால் எழும்பிவிடுவோம். காகிதத்தில் முத்திரை மாதிரி ஒன்று இருந்தால் அது ஆமி ஓடர் மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் மறுநாளே வாடகைக்குப் பேஸ்மென்ட் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் மாடி அண்ணை ஒருவர் பத்தாயிரம் டொலர் காசோலையை வாங்கிக்கொண்டு, தானாக ஒப்புக்கொண்டு போவதாகச் சொல்லும் என்-11 படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்தாயிரம் பெரிய காசு என்று நினைத்தார். மாதம் ஆயிரம் கூடுதலாகக் கட்டினால் பத்து மாதத்தில் முடிந்துவிடும் காசு அது. இப்போது அவர் ஏஜக்ஸில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருக்கிறார். கோயிலில் கண்டால் அந்தக் கதையை எடுக்கமாட்டார்.

எங்களைக் காப்பாற்றியது நாலாம் மாடி ஆப்கான் பெண். அவள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, பக்கத்துச் சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போய் வந்திருந்தாள். குறைந்த வருமானக்காரர் அங்கே காசு கட்டத் தேவையில்லை. உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்றுகொண்டு எனக்கு விரலை மடித்து மடித்துச் சொன்னாள். அவள் சொன்னதையும் பிறகு நானே போய்க் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் லோயர் இல்லை, சட்டமும் மாறிக்கொண்டிருக்கும்; ஆனால் இதன் அடிப்படை தெரியாமல்தான் எங்கள் ஆட்கள் எழும்பிப் போகிறார்கள்.

கதவுக்குக் கீழால் வருவது அறிவித்தல் மட்டும். உங்களை வெளியேற்றும் உத்தரவை மாகாணத்தின் வாடகைச் சபைதான், விசாரணை வைத்துத் தரவேண்டும். அந்த உத்தரவு வந்த பிறகும் ஷெரிஃப் ஒருவர்தான் கதவைத் திறக்கலாம். ஓனர் பூட்டை மாற்றினால் அது சட்டவிரோதம். உறைக்குள் என்ன படிவம் என்று முதலில் பாருங்கள், பிறகு திகதியைப் பாருங்கள். என்-4 என்றால் வாடகைப் பாக்கி, அதில் இருக்கிற திகதிக்குள் முழுக்கக் கட்டிவிட்டால் அந்த அறிவித்தல் செல்லாது. என்-12 என்றால் ஓனரோ வீட்டை வாங்குபவரோ தானே குடியிருக்கப் போகிறார் என்பது. குறைந்தது 60 நாள் தரவேண்டும். நான் போய்க் கேட்ட 2024 இல், அதோடு ஒரு மாத வாடகையும் ஈடாகத் தரவேண்டும் என்று இருந்தது. என்-13 என்றால் 120 நாள். திருத்த வேலைக்காக எழுப்பினால் வேலை முடிந்ததும் பழைய வாடகைக்கே திரும்பி வரும் உரிமை உண்டு. ஆனால் அதை நீங்கள் வீட்டை விட்டுப் போவதற்கு முன் எழுத்தில் கேட்டிருக்கவேண்டும். வாயால் சொன்னால் காணாது. என்-11 ஐ மட்டும் யார் சிரித்துக்கொண்டு நீட்டினாலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதேங்கோ.

எங்கள் ஓனரிடம் கட்டட அனுமதியே இருக்கவில்லை. அது தெரியவர மூன்று மாதம் பிடித்தது.

இதற்கிடையில்தான் மாநகரசபைக் கதை வந்தது. ஹமில்ரன் நகரம் 2024 ஜனவரியில் ஒரு துணைச்சட்டம் போட்டது: திருத்த வேலை என்று சொல்லி ஆட்களை எழுப்புகிற ஓனர் முதலில் நகரத்திடம் லைசென்ஸ் எடுக்கவேண்டும். ஒன்ராறியோவில் அதுதான் முதல். ரொறொன்ரோவும் அதைப் போல ஒன்றைப் போடவேண்டும் என்று பல கட்டடங்களில் இருந்து ஆட்கள் கிளம்பினார்கள். எங்கள் கட்டடத்தில் இருந்து போனவர்கள் நாங்கள் மூன்று பேர். அதில்தான் நான் நாவற்குழிப் பாலத்தில் நின்றுவிட்டேன்.

மகளின் வசனத்துக்குப் பிறகு நான் பழைய விடயங்களை யோசித்துப் பார்த்தேன். 2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறின ஆயிரக்கணக்கான ஆட்களில் நானும் ஒருத்தி. ஸ்பதைனா பக்கம் வாகனம் ஏறுகிற வழியால் பிள்ளைகளின் தள்ளுவண்டிகளோடு நடந்தோம். வன்னியில் தங்கச்சி குடும்பத்தின் தொடர்பு அறுந்து மூன்று கிழமை. நள்ளிரவு வரைக்கும் ரோட்டில் இருந்தோம். அடுத்த நாள் வானொலியில் நகரமே எங்கள் மேல் கோபமாக இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போக முடியாமல் நின்றவனுக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். நான் அதற்காக வெட்கப்படவில்லை, இன்றைக்கும். ஆனால் அன்று எங்களை மறித்து நின்ற பொலிஸ்காரரிடமோ, காருக்குள் இருந்து கத்தினவரிடமோ, அவர்கள் கையால் செய்யக்கூடிய ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. "யுத்தத்தை நிற்பாட்டு" என்று கத்தினோம். ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசே நிற்பாட்ட மனமில்லாமல் இருந்ததை ஸ்பதைனா பொலிஸ்காரன் எப்படி நிற்பாட்டுவான்?

எட்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கச்சியின் மூத்த மகன் வரவில்லை. மற்றவர்கள் செட்டிக்குளம் முகாமுக்குள் கம்பி வேலிக்குப் பின்னால் இருந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் அறிந்தோம்.

பிறகு 2021. ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். அந்த இரவு கனடாவில் எவரும் நித்திரை கொள்ளவில்லை. என் தம்பி ரொறொன்ரோவுக்குப் பக்கத்து நகரமான பிரம்டனில் இருக்கிறான். ஊர் முழுக்கக் கண்டன அறிக்கை எழுதிக்கொண்டிருந்த நேரம், பிரம்டனில் இருந்தவர்கள் நகரசபையிடம் வேறு மாதிரி ஒன்றைக் கேட்டார்கள்: உங்கள் பூங்கா ஒன்றில் எங்களுக்கு ஒரு நினைவுச்சின்னத்துக்கு இடம் தாருங்கள். பூங்கா நகரசபையுடையது. அதற்கு ஒட்டாவாவைக் கேட்கத் தேவையில்லை, கொழும்பைக் கேட்கத் தேவையே இல்லை. அந்த மாதமே சபை ஒருமனதாக ஓம் என்றது.

ஓம் என்பது எளிது. சின்னம் எழும்ப நாலு வருடத்துக்கு மேல் எடுத்தது. கூட்டம், வரைபடம், எதிர்ப்புக் கடிதம், பொறுமை. தம்பி நடுவில் ஒருமுறை "இனி இது நடக்காதக்கா" என்றான். 2025 மே 10 இல் சிங்கூசி பூங்காவில் திறந்தார்கள். அந்தத் திகதியைக் கவனித்தீர்களா? கார்டினரில் ஏறி பதினாறு வருடம், அதே நாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இலங்கை அரசு கனடியத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. நெடுஞ்சாலையை மறித்த சத்தம் கொழும்புக்குக் கேட்டதோ தெரியாது. ஒரு நகரசபைப் பூங்காவில் வைத்த சின்னம் நன்றாகக் கேட்டிருக்கிறது.

இதைப் பார்த்து கார்டினர் வீண், மனு எழுதுவதுதான் வழி என்று நான் சொல்லவரவில்லை. அந்த ரோட்டில் ஏறியிருக்காவிட்டால் இந்த நாட்டில் எங்களை எவருக்கும் தெரிந்திருக்காது என்றும் நினைக்கிறேன். 2022 இல், மே 18 ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவுநாளாக ஏற்று கனடிய நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டதற்கும் அந்த ரோட்டில் ஒரு வேர் இருக்கும். நான் சொல்வது, ஒருவரிடம் போனால் அவர் கையில் இருப்பதைக் கேட்கவேண்டும் என்பதை மட்டும்.

ஆறாம் மாடி தச்சரோடு இதில் ஒரு வாக்குவாதமே நடந்தது. 2023 ஒக்டோபருக்குப் பிறகு அமெரிக்கா, கனடா நகரசபைகளுக்கு முன்னால் காசாவில் போர்நிறுத்தம் கேட்டு ஆட்கள் நின்ற காலம். சிக்காகோவில் 2024 ஜனவரி 31 இல் வாக்கு 23க்கு 23 என்று சமனாகி, மேயரின் வாக்கால் தீர்மானம் நிறைவேறியது. "நகரசபைத் தீர்மானத்தால் ஒரு குண்டு நிற்குமா? வாடகையைக் கேட்க வந்த இடத்தில் வாடகையைக் கேளுங்கள்" என்றார் அவர், அலெப்போவில் வீட்டை விட்டு வந்த மனுஷன். நிற்காதுதான். ஆனால் 2009 சித்திரையில் இந்த நகரத்தில் ஏதாவது ஒரு சபை, ஒரு கடுதாசியில், "அங்கே சனம் சாகிறது" என்று எழுதியிருந்தால் அதை நான் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன். நான் அப்படிச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அதுக்கு வேற நாள் வாங்கோ" என்றார். அது சரியான புத்திமதி. நிகழ்ச்சிநிரலில் இருக்கிற விடயத்தில்தான் குழுவில் பேசலாம். இரண்டையும் ஒரே மூன்று நிமிடத்துக்குள் திணித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

அப்படிச் சொன்னாலும் இரண்டையும் முற்றாகப் பிரித்துவிட முடியாது என்பதை 2023 கோடையில் பீட்டர் வீதியில் கண்டேன். தங்குமிடங்கள் நிரம்பி, அகதிக் கோரிக்கையாளர்கள் நடைபாதையில் பெட்டிமட்டையை விரித்துப் படுத்திருந்தார்கள். பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளில் இருந்து வந்த இளம் பிள்ளைகள். மாநகரம், மாகாணம், ஒட்டாவா மூன்றும் யார் காசு கொடுப்பது என்று இழுபட்டுக்கொண்டிருந்தன. ஆபிரிக்கச் சமூகத்துத் தேவாலயங்கள் கதவைத் திறந்துவிட்டன. நாங்கள் கோயில் ஆட்கள் கொஞ்சப் பேர் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு போனோம். ஒரு பையன் என்னிடம் சாப்பாட்டை வாங்கிவிட்டு, எங்கே தோய்க்கலாம் என்று கேட்டான். சட்டையைத்தான். 1998 இல் வெலஸ்லியில் நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். அந்தப் பையனுக்குத் தங்குமிடக் கட்டில் வேண்டும். கட்டிலை நடத்துவது மாநகரம். யுத்தம் ஒட்டாவாவின் வேலை என்றாலும் அதில் இருந்து தப்பி வந்தவன் படுக்கிற இடம் மாநகரத்தின் வேலை.

சரி, இரண்டாவது முறைக்கு வருகிறேன்.

2024 இலையுதிர் காலத்தில் துணைச்சட்ட வரைவு திட்டமிடல், வீடமைப்புக் குழுவுக்கு வந்தது. இந்த முறை ஒரு மாதத்துக்கு முதலே சமையலறை மேசையில் இருந்து ஆயத்தம் செய்தோம். மகள் ஒரு தாளில் மூன்று நிரல் கீறினாள். மாநகரத்தின் கையில் இருப்பது: கட்டட அனுமதி, பராமரிப்பு விதி, வாடகைக் கட்டடப் பரிசோதனை, தங்குமிடம், பூங்கா. மாகாணத்தின் கையில் இருப்பது: வாடகை உயர்வு வீதம், வெளியேற்ற விசாரணை, 2018 நவம்பர் 15 க்குப் பிறகு குடிவந்த புதிய கட்டடங்களுக்கு உச்சவரம்பு இல்லை என்ற விலக்கு. ஒட்டாவா: குடிவரவு, வெளிநாடு. நாங்கள் கத்திக்கொண்டிருந்த முக்கால்வாசி விடயமும் நடு நிரலில் விழுந்தது. மாநகரசபை மாகாணத்தின் பிள்ளை மாதிரி. 2018 இல் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே மாகாணம் 47 தொகுதிகளை 25 ஆக வெட்டினதை மறந்திருக்கமாட்டீர்கள். அதனால் முதல் நிரலில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கேட்டோம்.

என் பேச்சு இப்படித் தொடங்கியது: "நான் ஸ்காபரோவில் 21 வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு என்-13 வந்தபோது ஓனரிடம் கட்டட அனுமதி இல்லை. அது எனக்குத் தெரிய மூன்று மாதம் எடுத்தது. அதற்குள் எங்கள் மாடியில் நாலு குடும்பம் போய்விட்டது. அனுமதி இல்லாமல் அறிவித்தல் கொடுக்க முடியாதபடி செய்யுங்கள். அறிவித்தல் வந்தவுடன் மாநகரமே குடியிருப்பாளருக்கு அவரது மொழியில் தெரியப்படுத்தச் சொல்லுங்கள்." இது நாற்பது விநாடி. கேள்வி முன்னுக்கே வந்துவிட்டது. மிச்சம் இருந்த நேரத்தில் மூன்றாம் மாடி அண்ணையின் பத்தாயிரம் டொலர் கணக்கைச் சொன்னேன். நாவற்குழியை ஒரே வசனத்தில் சொன்னேன்: "ஒருமுறை ஓர் இரவில் வீட்டை விட்டு நடந்தவள் நான், அதனால் எழும்பச் சொல்லும் காகிதத்தைக் கண்டால் கேள்வி கேட்க எனக்கு வாய் வராது, என்னைப் போன்றவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் என்று யோசியுங்கள்." இந்த முறை குரல் அடைக்கவில்லை. இரண்டு நிமிடம் 50 விநாடி. மகள் அடுப்பங்கரை மணிக்கூட்டை வைத்துப் பதினொரு தரம் பழக்கியிருந்தாள்.

பழக்கும்போது சில விடயம் கண்டுபிடித்தோம். வேறு யாருக்கும் உதவலாம். முழு மாநகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது. குழுவிலும் ஸ்காபரோ போன்ற சமூகச் சபைகளிலும்தான் முடியும். அதனால் விடயம் குழுவுக்கு வருகிற நாளைத் தவறவிட்டால் பிறகு மின்னஞ்சல் மட்டும்தான். பெயரைச் செயலாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுக்கவேண்டும். நேரில் வர முடியாதவர் காணொளியில் பேசலாம். குடியுரிமை தேவையில்லை, வாக்கு இல்லாதவரும் பேசலாம். இதை எங்கள் கட்டடத்தில் சொன்னபோது எவரும் நம்பவில்லை. ஆனால் ஒன்று: பேசுபவரின் பெயரும் எழுதிக்கொடுக்கிற கடிதமும் பொதுப் பதிவில் ஏறிவிடும். ஊரில் ஆட்கள் இருக்கிற, அகதி வழக்கு முடியாத பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு தம்பி இருந்தான். அவன் பேச வரவில்லை; நாங்கள் பேசும்போது பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தான்.

பத்துப் பேர் ஒரே கடிதத்தைப் படிப்பதில் பிரயோசனம் இல்லை. நாங்கள் பங்கு பிரித்தோம். ஆப்கான் பெண் கட்டட அனுமதி, நான் மொழி, தச்சர் வேலையின் உண்மையைப் பற்றி. அவர் எழும்பி, "நான் தச்சன். குசினி அலுமாரி மாற்றுவதற்கு ஆள் வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை, இரண்டு நாள் வெளியே சாப்பிட்டால் காணும்" என்றார். அறையில் சிரிப்பு. கவுன்சிலர்மார் அதிகம் கேள்வி கேட்டது அவரிடம்தான். யுத்தத்தைப் பற்றி அவர் ஒரு சொல் கதைக்கவில்லை.

அந்த நவம்பரில் சபை துணைச்சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜூலை 31 இல் நடைமுறைக்கு வந்தது. என்-13 கொடுத்த ஏழு நாளுக்குள் ஓனர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவேண்டும், 2025 இல் அதற்குக் கட்டணம் வீட்டுக்கு 700 டொலராக இருந்தது. கட்டட அனுமதி கையில் இருக்கவேண்டும். ஆள் வெளியேறினால்தான் வேலை செய்ய முடியும் என்று தகுதியான நிபுணர் ஒருவர் எழுதித் தரவேண்டும். வெளியேறுபவருக்குத் தற்காலிக இடமோ ஈடோ எப்படி என்ற திட்டமும் வேண்டும். நாங்கள் பேசியதால் வந்தது என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு முன்னால் பல வருடமாகக் கத்தினவர்கள் இருக்கிறார்கள், ஹமில்ரன் வழி காட்டியது. இது முழுக் காப்பும் இல்லை: என்-12 கொடுப்பவரையும் காசைக் காட்டி எழுப்புபவரையும் இது தொடாது. ஆனால் எங்கள் கட்டடத்துக்கு வந்த மாதிரி வெறும் காகிதத்தால் மட்டும் இனி எழுப்புவது கஷ்டம்.

எங்கள் என்-13 கள் அதற்கு முதலே வாபஸாகிவிட்டன. விசாரணை இரண்டுமுறை தள்ளிப்போய், கடைசியில் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். குசினி அலுமாரியை இன்னும் ஒருவரும் திருத்தவில்லை. அதற்கு மாநகரத்தின் 311 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கூப்பிடலாம், தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்று கேட்கலாம். முறைப்பாட்டின் இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்கு ஹீற்றர் 21 பாகைக்குக் கீழே போனால் நான் அதைத்தான் செய்கிறேன்.

ஓகஸ்ட் மாதம் உடுப்புத் தோய்க்கிற அறையில் புதுச் சட்டத்தைப் பற்றி நாலு மொழியில் ஒரு தாள் ஒட்டினோம். தமிழ் என் கையெழுத்து. கட்டடத்தைப் பராமரிக்கிற சூப்பர் அதைக் கிழித்தார். திரும்ப ஒட்டினோம். மூன்றாம் தரம் அவர் கிழிக்கவில்லை, அவருக்கும் வாடகை வீடுதானே.

போன கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற ஒரு பிள்ளை, மட்டக்களப்பு, வந்து இரண்டு வருடம். கையில் உறை, முகம் வெளிறிப்போய் இருந்தது. "அக்கா, பெட்டி கட்டிறதா எண்டு கேக்க வந்தனான்" என்றாள்.

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் படிவத்தின் இலக்கத்தைப் பார்த்தேன்.